பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி

(ஜிம் கார்பெட் வாழ்க்கை வரலாறு: 1875 - 1955)

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், நெல்லிவாசல்நாடு



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். விசுவேசுவரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம் என்று ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கிட்டாங்க. நான் ஜிம் கார்பெட் என்று சொன்னதும் எங்க கிளாசே சிரிச்சுது. புலி வேட்டைக்காரருக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. சாமையும் கேழ்வரகும் விளையுற பூமி. விளைஞ்சதைக் காட்டுப்பன்றி விட்டு வைக்காது. அதனால் அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு நாட்டுத் துப்பாக்கியாவது இருக்கும். எங்க தாத்தாகிட்டயும் ஒண்ணு இருந்தது. குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் குத்தி இறுக்கிச் சுடுகிற ரகம். ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவை சுட ரெண்டு நிமிஷம் ஆகும். குண்டு எங்கே போகும் என்பது அந்தத் துப்பாக்கிக்கே தெரியாது.

ஒருநாள் பொழுது சாயுற நேரம், சாமைக் கொல்லையில் தாத்தா ஒரு பன்றியைச் சுட்டாரு. குண்டு பட்டது. ஆனால் பன்றி சாகலை. காலை இழுத்துக்கிட்டுப் புதருக்குள் போயிடுச்சு. மறுநாள் அந்தப் பக்கம் விறகுக்குப் போன எங்க பெரியப்பாவை அதே பன்றி தொடையில் கிழிச்சிடுச்சு. பெரியப்பா இன்னைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாரு. தாத்தா அதுக்கப்புறம் அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் கேஸ் கிடையாது என்று போலீசார் ஊரில் வந்து சொன்னபோது, முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

பாதிக் குறி முழுத் தவறு. இதை எங்க வீட்டில் நான் கண்ணால் பார்த்தேன். இதையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் ஜிம் கார்பெட்.

போஸ்ட் மாஸ்டர் மகன்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அவரைச் செல்லமாக ஜிம் என்று கூப்பிட்டார்கள். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். இவர் எட்டாவது பிள்ளை. ஜிம்முக்கு ஆறு வயது முடிவதற்குள் அப்பா இறந்துபோனார். அம்மாதான் எல்லாரையும் ஆளாக்கினார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் காலாதுங்கி என்ற ஊர். இப்படி ரெண்டு வீட்டுக்கும் நடுவில் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது, எந்தக் குரங்கு எதைப் பார்த்து அலறுகிறது, மண்ணில் பதிந்த கால்தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது... இதெல்லாம் அவருக்கு அ, ஆ மாதிரி அத்துப்படி.

முதலில் உண்டிவில். பிறகு வில். எட்டு வயதில்தான் துப்பாக்கி கைக்கு வந்தது. அதுவும் எப்படிப்பட்ட துப்பாக்கி? உறவினர் ஒருவர் குமாயுன் பறவைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பறவைகளைச் சேகரித்துத் தருவதற்காகச் சிறுவனுக்கு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தார். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம்தான், எங்க தாத்தாவுடையது மாதிரி! யாரோ மருந்தை அளவுக்கு மேல் போட்டதில் வலது குழல் பிளந்து கிடந்தது. கட்டையும் உடைந்துவிட்டது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு குழல் செத்துப்போச்சு, ஒரு குழல் உயிரோடு இருக்கு. அதை வைத்துக்கொண்டு அந்தச் சிறுவன் காட்டுக்குள் போனான்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரலை. எங்க ஊர்த் துப்பாக்கிகளிலும் கம்பி சுற்றினது, தகரம் வைத்துத் தட்டினது, ஆணி அடித்தது எல்லாம் உண்டு. ஏழை வீட்டு ஆயுதம் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

ஆனால் ஒன்று. எண்ணிச் சுட வேண்டிய துப்பாக்கி கையில் இருந்ததால் மருந்தையும் குண்டையும் வீணாக்காத பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. தூரத்தில் இருந்து சுடுவதை விடச் சத்தம் போடாமல் கிட்டே போவது மேல் என்பதை அந்த உடைந்த துப்பாக்கிதான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

நூறு கெஜம் தப்பு

பள்ளியில் மாணவர் படைப் பிரிவு இருந்தது. நம்ம என்.சி.சி. மாதிரி. பத்து வயதுப் பையன் ஜிம்மிடம் .450 மார்ட்டினி ரைபிளைக் கொடுத்துக் குறி பார்க்கச் சொன்னார்கள். பார்வையிட வந்த விருந்தாளிகள் பின்னால் நிற்கிறார்கள். பையனுக்குக் கை நடுங்குது. முதல் குண்டுகள் சரியாகப் போகலை. விருந்தாளிகளில் ஒருவர் பக்கத்தில் வந்து ரைபிளை வாங்கிப் பார்த்தார். பலகை இருந்தது 200 கெஜத்தில். பின் சைட்டை வைத்திருந்தது 300 கெஜத்துக்கு! பதற்றத்தில் பையன் கவனிக்கலை. அவர் அதைச் சரிசெய்து கொடுத்து, அவசரப்படாமல் சுடு என்று தைரியம் சொன்னார். அதன் பிறகு குண்டுகள் பலகையைத் தேடிப் போயின. தட்டிக் கொடுத்த அந்த மனிதர்தான் பிற்காலத்தில் பீல்டு மார்ஷல் ஆன ராபர்ட்ஸ் பிரபு.

இதற்குப் பின்னால் இருப்பது நம்ம முதலாம் ஆண்டு பிசிக்ஸ்தான். குண்டு குழலை விட்டு வெளியே வந்த நொடியில் இருந்து கீழே விழுந்துகொண்டே போகிறது. இலக்கை அடைய அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை பெருக்கல் ஜி பெருக்கல் டி-ஸ்கொயர் போட்டுப் பாருங்கள்: 1.2 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஒரு சின்னப் பையன் உயரம்! அதை ஈடுகட்டத்தான் தூரத்துக்குத் தகுந்த மாதிரி பின் சைட்டை ஏற்றி இறக்குகிறார்கள். 200-க்குப் பதில் 300 வைத்தால் குண்டு தலைக்கு மேலே போகும். துப்பாக்கி மேல் தப்பில்லை, சுட்டவன் கண் மேலும் தப்பில்லை, செட்டிங் தப்பு. லேத்தில் வேலை பார்க்கும்போது நாமும் எத்தனை தடவை டயலைச் சரியாகப் பார்க்காமல் ஜாப்பைக் கெடுத்திருக்கிறோம்!

அதற்குப் பிறகு அதே .450 மார்ட்டினியை இரவல் வாங்கிக்கொண்டு போய்த்தான் தன் முதல் சிறுத்தையைச் சுட்டார்.

ரயிலில் வேலை, கரையில் பள்ளிக்கூடம்

பள்ளிப் படிப்போடு சரி. மேலே படிக்க வீட்டில் வசதி இல்லை. இருபது வயது ஆகும் முன்பே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பீகார் பக்கம் காட்டில் மரம் வெட்டி ரயில் எஞ்சினுக்கு விறகு சேர்க்கிற வேலை. பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் கான்டிராக்ட். அகலப் பாதையில் வந்த சரக்கை ஆற்றைத் தாண்டி மீட்டர் பாதைக்கு மாற்ற வேண்டும். வருஷத்துக்கு 5 லட்சம் டன். கிரேன் கிடையாது, கன்வேயர் கிடையாது. எல்லாம் தலைச்சுமை. தொழிலாளர்களோடு தானும் சுமை தூக்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தார்.

அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணோடு சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரே குடிசைக்குள் எல்லா சாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்ற பிரச்சினை வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரை எடுத்துவிட்டார்கள்! கூரை மட்டும். குடிசைக்குள்தானே உட்காரக் கூடாது? கொட்டகைக்குக் கீழே உட்காரலாமே! வேட்டைக் கதைகளை விட எனக்கு இந்தச் சுவர் இல்லாத பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிக்கும். எங்க வீட்டில் பள்ளிக்கூடச் சுவருக்குள்ளே போய் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்.

சம்பாவத்துப் புலி

1907-ஆம் ஆண்டு. குமாயுன் மலையில் சம்பாவத் வட்டாரத்தை ஒரு பெண்புலி ஆட்டிப் படைத்தது. முதலில் நேபாளத்தில் 200 பேர். அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்து 236 பேர். மொத்தம் 436 உயிர். பகலிலும் கதவைத் திறக்க ஜனங்கள் பயந்தார்கள். அரசாங்கம் கார்பெட்டைக் கூப்பிட்டது. அவர் ரெண்டு நிபந்தனை போட்டார். புலி தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்யணும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கணும். காசுக்காகச் சுடுகிறவன் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

ஊர் ஜனங்களுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்காக எதிர் மலைச் சரிவில் மேய்ந்த கோரல் என்ற காட்டாட்டைச் சுட்டுக் காட்டினார். சுமார் 200 கெஜம். கையில் இருந்தது பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள். தோளை இடிக்கிற இடி பொல்லாதது, ஆனால் எவ்வளவு தூரமானாலும் குறி தப்பாதது. மூணு ஆடுகளும் சரிவில் உருண்டு ஜனங்கள் நின்ற இடத்துக்கே வந்து விழுந்தன. அப்புறம் கேட்கணுமா? இந்த ஆளிடம் இருப்பது மந்திரக் குண்டு, அது சுட்ட மிருகத்தைக் காலடிக்கே இழுத்துக்கிட்டு வருது என்று ஊர் ஊராகக் கதை பரவியது.

புலியை வளைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். தாசில்தார் ஒரு காரியம் செய்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலும் எடுத்துக்கொண்டு வரலாம், கண்டுகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வந்து குவிந்தது ஒரு மியூசியமே! மொத்தம் 298 பேர். அவர்கள் மலை உச்சியில் இருந்து சத்தம் போட, வெடி போட, புலி பள்ளத்தாக்கில் இறங்கியது. கார்பெட்டிடம் .500 ரைபிள். ஆனால் கொண்டு வந்த தோட்டா மூணே மூணுதான். மூன்றும் தீர்ந்துவிட்டது. புலிக்குக் காயம், ஆனால் விழவில்லை.

ஓடினார். தாசில்தார் கையில் இருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினார். புலிக்கு 20 அடி தூரத்தில் நின்று துப்பாக்கியை உயர்த்தும்போதுதான் பார்க்கிறார்: குழலுக்கும் அதன் பின்பக்கத்தை அடைக்கிற பாகத்துக்கும் நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி! 3/8 இன்ச், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர்! சுட்டால் வெடித்த வாயு பின்பக்கமாகத் தன் முகத்திலேயே அடிக்கலாம். சுடாவிட்டால் எதிரே புலி. சுட்டார். திறந்த வாயைப் பார்த்துக் குறி வைத்தார், குண்டு போய்ப் பட்டது புலியின் வலது முன்காலில். நல்லவேளை, முந்திய காயங்களாலேயே புலி அங்கே சாய்ந்தது. இருபது அடியில் வாய்க்கு வைத்த குறி காலுக்குப் போகிறது என்றால் அது என்ன துப்பாக்கி!

சில மாதம் கழித்து நைனிடாலில் தர்பார் கூடியது. ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹூவெட் அந்தத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். ரொம்பப் பொருத்தமான பரிசு! புலியைக் கொன்ற கார்பெட்டுக்கும் அவர் ஒரு ரைபிளைத் தந்தார். அதுதான் நம்ம கதாநாயகன்: .275 ரிக்பி.

நம்ம பாடம்: அந்த ரைபிளுக்குள் என்ன இருக்கு?

ரிக்பி என்பது 1775-இல் அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய துப்பாக்கிக் கம்பெனி. பிறகு லண்டனில் பேர் வாங்கியது. ஆனால் இந்த ரைபிளின் இதயம் ஜெர்மனியில் பிறந்தது. ஓபர்ன்டார்ப் என்ற சின்ன ஊரில் துப்பாக்கித் தொழிலாளி ஒருவரின் பதின்மூன்றாவது பிள்ளை பால் மவுசர். அவர் பட்டறையில் உழைத்துக் கண்டுபிடித்து, 1898-இல் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த போல்ட் அமைப்பு உலகப் புகழ் பெற்றது.

போல்ட் என்றால் நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு விடும். பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வந்து விழும். முன்னால் தள்ளினால் அடியில் உள்ள மேகசினில் இருந்து அடுத்த தோட்டா உள்ளே போகும். கீழே அழுத்தினால் பூட்டு விழும். போல்ட்டின் முன்பக்கம் ரெண்டு தடித்த காதுகள் இருக்கு. அவை திரும்பி, இரும்பில் வெட்டிய பள்ளத்தில் போய் உட்காரும். வெடிக்கிற அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த ரெண்டு காதுதான். ஒருவேளை அவை விட்டுக்கொடுத்தால் காப்பாற்ற, பின்னால் மூணாவதாக ஒரு காதையும் மவுசர் வைத்தார். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதுதான் இது. பக்கவாட்டில் நீளமான ஒரு நகம் தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடித்தபடியே உள்ளே கொண்டுபோகும், அதே நகம்தான் வெளியேயும் இழுத்து வரும். அவசரத்தில் தோட்டா நடுவில் சிக்காது.

தாசில்தார் துப்பாக்கியில் இருந்த இடைவெளி 3/8 இன்ச். நல்ல போல்ட் ரைபிளில் தோட்டாவின் பின்பக்கத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி சில தவ் மட்டும்தான். இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற தவ்! கோ கேஜ், நோ-கோ கேஜ் வைத்துத்தான் இதைச் சோதிக்கிறார்கள். நம்ம மெட்ராலஜி லேப் ஞாபகம் வருதா?

மவுசர் அமைப்பை ராணுவத் துப்பாக்கியில் இருந்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியதுதான் ரிக்பியின் கைவேலை. ஜெர்மனியில் இருந்து ஆக்ஷனை வரவழைத்து, மெல்லிய வேட்டைக் குழலைப் பொருத்தி, வால்நட் மரத்தில் கட்டை செய்து, திறந்த சைட்டுகளை வைத்து, சுட்டுப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள். தோட்டா மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். இங்கிலாந்துக்காரர் அளவு முறைப்படி அதற்கு .275 என்று பேர் வைத்தார்கள். வெறும் 140 கிரெயின், அதாவது 9 கிராம் எடையுள்ள குண்டு.

இன்றைக்கும் தூரக் குறிக்காக ஒரு போல்ட் ரைபிளை மேம்படுத்துகிறவர்கள் கை வைக்கிற இடங்கள் அவைதான். தடித்த குழல் போட்டால் சூட்டில் வளையாது. கட்டை குழலைத் தொடாமல் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விட்டால், ஒவ்வொரு வெடிக்கும் குழல் ஒரே மாதிரி அதிரும். ஆக்ஷன் கட்டையில் ஆடாமல் உட்கார எபாக்சி ஊற்றிப் படுக்கை அமைக்கிறார்கள். விசை சீராக விடுபடும்படி ட்ரிகரை மாற்றுகிறார்கள். சைட் இருந்த இடத்தில் தொலைநோக்கி வருகிறது. கோணத்தில் ஒரு நிமிடம் தப்பினால் 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். 500 மீட்டரில் அதே தப்பு 145 மில்லிமீட்டர் ஆகிவிடும். தூரம் கூடக் கூடத் தப்பும் கூடவே வளரும். இதுதான் கணக்கு.

(ஒரு எச்சரிக்கை: இது பாடத்துக்காகச் சொன்னது. நம்ம நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் லைசென்ஸ் வேணும், செய்யவும் மாற்றவும் லைசென்ஸ் வேணும். வொர்க்ஷாப்பில் யாரும் விளையாட வேண்டாம்!)

ஒரு நொடி வெளிச்சம்

கார்பெட் அந்த ரைபிளில் தொலைநோக்கி எதையும் நம்பவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வேறு. கட்வால் மலையில் ருத்ரப்பிரயாகை என்ற ஊர். கேதார்நாத், பத்ரிநாத் போகிற யாத்ரிகர்களின் பாதை. அங்கே ஒரு சிறுத்தை 1918 முதல் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. அது இருட்டில் மட்டுமே வரும். இருட்டில் சைட் எதற்கு? குறி எதற்கு?

அதனால் ரைபிளில் ஒரு டார்ச் லைட்டைப் பொருத்தினார். இன்றைக்கு நமக்கு அது சாதாரணம். 1926-இல் அது புதுசு. பேட்டரி ரொம்ப நேரம் நிற்காது. கோலாப்ராய் என்ற இடத்தில் பாதையோரம் ஒரு மாமரம். கீழே ஆட்டைக் கட்டி, அதன் கழுத்தில் மணியைக் கட்டினார். பத்து ராத்திரி மரத்தின் மேல் உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது ராத்திரி, 1926 மே மாதத் தொடக்கத்தில், மணி வேகமாகக் குலுங்கியது. டார்ச்சை அழுத்தினார். வெளிச்சம் விழுந்த இடத்தில் சிறுத்தையின் தோள்பட்டை. ரைபிளை இம்மியும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. சுட்டார். அந்த நொடியே டார்ச் அணைந்துவிட்டது! பட்டதா படவில்லையா என்று தெரியாமல் விடியும் வரை மரத்தின் மேலேயே இருந்தார். விடிந்து பார்த்தால் கொஞ்சம் தள்ளி ஒரு குழியில் அது செத்துக் கிடந்தது.

ஒரு நொடி வெளிச்சத்துக்குப் பின்னால் பத்து ராத்திரி பொறுமை இருக்கு. குழலும் டார்ச்சும் ஒரே கோட்டில் இருக்கும்படி முன்கூட்டியே பொருத்தியது இருக்கு. வாய்ப்பு வரும்போது கருவியை அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்க முடியாது தோழர்களே!

உடைந்த பல் சொன்ன உண்மை

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஆட்கொல்லியைச் சுட்ட பிறகு கார்பெட் அதோடு விடமாட்டார். செத்த புலியின் உடம்பைச் சோதித்துப் பார்ப்பார். ஏன் இது மனிதனைத் தின்ன ஆரம்பித்தது? சம்பாவத்துப் புலியின் வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ் கோரைப்பல் எலும்போடு போயிருந்தது. என்றைக்கோ யாரோ சுட்ட குண்டு! மானைப் பிடித்துக் கடிக்க முடியாததால் அது மனிதனைப் பிடித்தது. 1938-இல் தாக் என்ற ஊரில் அவர் சுட்ட கடைசி ஆட்கொல்லியின் உடம்பிலும் பழைய குண்டுக் காயங்கள் இருந்தன, ஒன்று சீழ் பிடித்திருந்தது. முக்தேசர் புலிக்கு முள்ளம்பன்றி முட்கள். ஆட்கொல்லிகளில் பத்துக்கு ஒன்பது காயத்தால்தான் அப்படி ஆகின்றன, மீதி ஒன்று முதுமையால் என்பது அவர் கண்டு எழுதிய முடிவு. புலி பிறவியிலேயே மனிதனுக்கு எதிரி இல்லை என்பதை உலகத்துக்குச் சொன்னவர் அந்த வேட்டைக்காரர்தான்.

யோசிச்சுப் பாருங்க. யாரோ ஒருத்தர் தூரத்தில் இருந்து, பட்டால் படட்டும் என்று ஒரு குண்டைச் சுட்டார். பட்டது, சாகலை. அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அந்த அரைகுறைக் குண்டுக்கு 436 பேர் உயிரைக் கொடுத்தார்கள். சுட்டவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதனால்தான் கார்பெட் எவ்வளவு நல்ல ரைபிள் கையில் வந்த பிறகும் தூரத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். 1930 ஏப்ரல் 11 அன்று சௌகட் பெண்புலியைச் சுட்டபோது நடுவில் இருந்த தூரம் வெறும் 8 அடி. இடது கையில் ரெண்டு பறவை முட்டைகள், வலது கையில் ரைபிள். முட்டை உடையாமல் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒற்றைக் கையால் ரைபிளைத் திருப்பிச் சுட்டார். அந்தப் புலி 64 பேரைக் கொன்றது.

அவர் பொழுதுபோக்குக்காகவும் சுட்டவர்தான், வெள்ளைக்கார ஆட்சியின் ஆள்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. பவல்கட் காட்டில் பேர் பெற்ற பெரிய ஆண்புலியை அவர் சுட்டது யாரையும் காப்பாற்ற இல்லை. ஆனால் வயது ஏற ஏற அவர் மாறினார். 1920-களின் முடிவில் ஒரு சினிமா கேமரா அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு புலியைச் சுடுவதை விடப் படம் பிடிப்பதில்தான் ஆசை அதிகம். கேமராவில் தப்பினால் பிலிம்தான் போகும், காயம்பட்ட புலி ஒன்று காட்டில் திரியாது!

கடைசிக் காலம்

முதல் உலகப் போரில் குமாயுன் ஆட்கள் 500 பேரைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போனார். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போரில் வீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் பயிற்சி கொடுத்தார். காலாதுங்கி பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை 1915-இல் வாங்கி, குடியானவர்களைக் குடியேற்றி, பயிரைப் பன்றியிடம் இருந்து காக்க ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். (துப்பாக்கி வைத்திருந்தவரே பன்றிக்குச் சுவர்தான் கட்டினார் என்பதை எங்க ஊர்க்காரங்க கவனிக்கணும்!) இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் அமைய அவரும் பாடுபட்டார். 1944-இல் குமாயுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய புத்தகம் வெளிவந்து உலகம் முழுக்கப் புகழ் தந்தது.

1947 நவம்பரில் அக்கா மேகியோடு ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் போய்விட்டார். நிலம் குடியானவர்களுக்கே போனது. 1955 ஏப்ரல் 19 அன்று நையேரி என்ற ஊரில் காலமானார். அவர் இறந்த பிறகு அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பேரே வைக்கப்பட்டது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டே, 1972-இல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

அந்த .275 ரைபிள்? அவருடைய புத்தகத்தை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்திடம் பல காலம் இருந்தது. 2015-இல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு கார்பெட் வாழ்ந்த மண்ணுக்கு ஒரு தடவை கொண்டு வந்து காட்டினார்கள். சம்பாவத் புலியைக் கொன்றதற்காகத் தந்த பரிசு என்று பொறித்த வெள்ளித் தகடு கட்டையில் இன்னும் இருக்கு.

முடிவாக...

லீவுக்கு ஊருக்குப் போனபோது நூலகத்தில் எடுத்த கார்பெட் புத்தகத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி வந்த இடத்தில் சிரிச்சாரு. புலியின் உடைந்த பல் வந்த இடத்தில் பேசாமல் இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நானும் மேலே படிக்கலை.

தோழர்களே! நாம் துப்பாக்கி செய்யப் போவதில்லை. ஆனால் நாளைக்கு நாம் கடைகிற ஒரு ஷாஃப்ட், பொருத்துகிற ஒரு பிரேக், இறுக்குகிற ஒரு நட் யாரோ முன்பின் தெரியாதவரின் உயிரைச் சுமக்கும். பரவாயில்லை, ஓடும் என்று விட்டால் அது ஓடும்தான். எங்கே போய் நிற்கும் என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தாசில்தார் துப்பாக்கியின் 3/8 இன்ச்சையும், அந்தப் பேர் தெரியாத மனிதரின் அரைக் குறியையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அளவு தப்பாமல் செய்வோம்!
அரைகுறையாய் விடாமல் செய்வோம்!